ஒரே பக்கம் கிடந்த நேரம்

பெருங்கடவிளைப் பக்கம் கிடையில் விழுந்த ஒருவருக்கு முதுகில் புண் வந்துவிட்டது என்று தெரிந்தால், பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "ஆரு பாக்குதது?" என்பதுதான். அடுத்ததாக, "என்ன மருந்து போடுதிய?" என் நினைவுக்கு எட்டிய காலம் முழுவதும் பாறசாலை, மாராயமுட்டம், ஒற்றசேகரமங்கலம் என்று கேரள-தமிழக எல்லையில் உள்ள இந்த ஊர்கள் எல்லாவற்றிலும் இந்த இரண்டு கேள்விகளே ஒலித்திருக்கின்றன. முதல் கேள்வி அந்த வீட்டின் மருமகளையோ மகளையோ குற்றம் சாட்டுகிறது. இரண்டாவது கேள்வி வீட்டு ஆணை மருந்துக் கடைக்கு அனுப்புகிறது. கேட்டிருக்க வேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு: அவர் ஒரே பக்கமாக எத்தனை மணி நேரம் கிடந்தார்? படுக்கைப்புண்ணைப் பற்றி மருத்துவம் கண்டறிந்தவற்றில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குள் அடங்கும். பல ஆண்டுகளாக இந்த வீடுகளைப் பார்த்தும் கேட்டும் வந்ததில் எனக்கு உறுதியாகிவிட்ட கருத்தும் இதைச் சார்ந்ததுதான். புண்ணின் மேல் என்ன போடுகிறோம் என்பதைவிட, புண்ணின் மேலிருக்கும் பாரத்தை எப்போது எடுக்கிறோம் என்பதே முக்கியம். அந்தப் பாரத்தை எடுப்பது ஒரே ஒருவரின் வேலையாக இருக்கும்வரை, எந்த மருந்தும் முழுப் பலன் தராது.

உடம்புக்குள் நடப்பது இதுதான். தோலுக்கும் சதைக்கும் ரத்தம் கொண்டுபோகும் மிக நுண்ணிய குழாய்களில் அழுத்தம் மிகக் குறைவு. சுமார் 32 மில்லிமீட்டர் பாதரச அளவு என்று 1930இல் அளந்தார்கள். கயிற்றுக் கட்டிலிலோ பலகைக் கட்டிலிலோ மல்லாந்து கிடப்பவரின் இடுப்பெலும்பின் கீழ் அழுத்தம் அதைப்போலப் பல மடங்கு. ரத்தம் நின்றுபோகிறது. உடம்பு நன்றாக இருப்பவர் தூக்கத்திலேயே புரண்டு படுத்துவிடுவார். பக்கவாதம் வந்தவருக்கும், முதுகெலும்பு முறிந்தவருக்கும், மறதி நோயில் ஒடுங்கியவருக்கும் அந்தப் புரளல் இல்லை. தோலைவிடத் தசைக்கு ரத்தம் அதிகம் வேண்டும் என்பதால் எலும்பை ஒட்டிய தசைதான் முதலில் சாகிறது. மேலே ஒரு ரூபாய் அளவு கறுப்பு தெரியும்போது உள்ளே ஒரு கை புகும் அளவுக்குக் குழி விழுந்திருப்பது இதனால்தான். "நேத்துவரை ஒண்ணுமில்ல, ஒரே ராத்திரியில வந்துட்டு" என்று வீட்டார் சொல்வது பொய்யல்ல. அவர்கள் கண்ணுக்கு அது ஒரே ராத்திரியில்தான் வந்தது. உள்ளே பல நாட்களாக நடந்துகொண்டிருந்தது. முதல் அறிகுறி சிவப்பு என்று புத்தகங்கள் சொல்கின்றன. அது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியிருக்கும் இடத்தைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, ஊதா கலந்த கருமையாகவோ இருக்கும்; தொட்டுப் பார்த்தால் மட்டுமே தெரியும். இடுப்பின் பின்பக்கம், இரண்டு குதிகால், இடுப்புப் பக்க எலும்பு, கணுக்கால், தோள்பட்டை, பின்தலை ஆகிய இடங்களைத் தினமும் குளிப்பாட்டும்போது விரலால் தடவிப் பார்ப்பதே முதல் மருத்துவம். ஆனால் நிறம் மாறிய இடத்தை அழுத்தித் தேய்த்து எண்ணெய் போடக் கூடாது. ஏற்கெனவே நொந்துபோன சதையை அது மேலும் கிழிக்கும்.

அழுத்தத்தோடு இன்னொன்றும் சேர்கிறது. கஞ்சி குடிக்க வசதியாக இருக்கட்டும், டிவி பார்க்கட்டும் என்று தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வைக்கிறோம். உடம்பு மெல்லக் கீழே வழுகும். தோல் விரிப்போடு ஒட்டிக்கொள்ளும். எலும்பு மட்டும் நகரும். இடையில் உள்ள குழாய்கள் இழுபட்டு முறுகும். நோயாளியை மேலே ஏற்றுவதற்காக அக்குளில் கைகொடுத்து இழுக்கும்போதும் இதுவே நடக்கிறது. ஒரு பழைய வேட்டியை நாலாக மடித்து இடுப்பின் கீழ் விரித்து, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்தினால் இந்தச் சேதம் இல்லை. கவனித்துப் பாருங்கள், இங்கே தேவைப்படுவது களிம்பல்ல, இரண்டாவது ஆள். ரப்பர் வளையத்தின் மேல் புண்ணை வைத்தால் புண் படாது என்ற நம்பிக்கை இன்னும் பரவலாக இருக்கிறது. வளையம் புண்ணைச் சுற்றியுள்ள நல்ல சதையை நெரித்து ரத்தத்தை நிறுத்துகிறது என்பதால் அதை வேண்டாம் என்று பல ஆண்டுகளாகவே சொல்லி வருகிறார்கள்.

இது விதி, நரம்பு போனால் சதையும் போகத்தான் செய்யும் என்று ஒரு வாதம் உண்டு. பாமரர் மட்டும் சொன்ன வாதம் அல்ல இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸின் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் ழான் மார்ட்டின் ஷார்கோ, மூளையும் தண்டுவடமும் கெட்டால் படுக்கைப்புண் தவிர்க்க முடியாதது என்றே கற்பித்தார். அவருக்கு முன்பே, 1850களில், பிரௌன் செக்கார் என்பவர் தண்டுவடம் அறுக்கப்பட்ட விலங்குகளை அழுத்தமின்றி, ஈரமின்றி, சுத்தமாக வைத்திருந்தால் புண் வருவதில்லை என்று காட்டியிருந்தார். ஷார்கோவின் புகழ் பெரிது. ஆகவே அவர் சொல்லே நின்றது. அதை நடைமுறையில் உடைத்தவர் லுட்விக் குட்மன். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த அந்த மருத்துவர், 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகெலும்பு முறிந்த படைவீரர்களின் பிரிவை ஏற்றபோது, அப்படிப்பட்டவர்கள் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் ஏறிச் சில மாதங்களில் இறந்துபோவது வழக்கமாக இருந்தது. அவர் எல்லோரையும் இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைத்தார். இறந்துபோவார்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் சக்கர நாற்காலியில் விளையாட்டுப் போட்டிக்குப் போனார்கள். நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 1954இல் விபத்தில் இடுப்பின் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வு மருத்துவத்தையே கட்டி எழுப்பினார். 1975இல் கழுத்தெலும்பு முறிந்த எஸ். ராமகிருஷ்ணன், மலைக்கு அந்தப் பக்கம் ஆய்க்குடியில் 1981இல் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். நரம்பு போனவர் பல பத்தாண்டுகள் வாழலாம் என்பதற்கு இந்த வாழ்க்கைகளே சாட்சி. தென்னையிலிருந்தும் பனையிலிருந்தும் விழுந்து முதுகு முறிந்தவர்கள் நிறைந்த எங்கள் ஊர்களில், இந்தச் செய்தி சேர வேண்டிய அளவுக்குச் சேரவில்லை.

விதி இல்லை என்றால் பிறகு யார் குற்றம் என்ற கேள்வி உடனே வந்து நிற்கிறது. படுக்கைப்புண் வந்தால் பெரும்பாலும் நோயின் தப்பு அல்ல, பராமரிப்பின் தப்பு என்ற கருத்தை ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் எழுதினார். உண்மைதான். ஆனால் அந்த அளவுகோல் பொருந்துவது, சம்பளம் பெற்று, முறை மாற்றி, வார்டில் வேலை செய்யும் பெண்களுக்கு. ஒருத்தி களைத்தால் இன்னொருத்தி வருவாள். பெருங்கடவிளையில் ஒரு சாய்ப்பு அறையில், கணவன் வளைகுடாவில் இருக்க, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மாமியாரைத் தனியே புரட்டும் பெண்ணின் மேல் அதே அளவுகோலை வைப்பது அநியாயம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு மணிக்கு ஒருமுறை என்றால் நாளுக்குப் பன்னிரண்டு முறை. ஒவ்வொன்றுக்கும் புரட்டி, தொட்டுப் பார்த்து, தலையணை வைத்து, நனைந்த துணி மாற்றப் பத்து நிமிடம் என்றால் மொத்தம் இரண்டு மணி நேர வேலைதான். கேட்க எளிது. அவளைக் கொல்வது அந்த இரண்டு மணி நேரம் அல்ல. துண்டு துண்டாக வெட்டப்படும் தூக்கம். படுக்கையில் இருப்பவரை முழுநேரமும் பார்ப்பவருக்குக் கேரள அரசின் ஆஸ்வாசகிரணம் திட்டம் தரும் உதவி மாதம் 600 ரூபாய். நாளுக்கு 20 ரூபாய். அரசு இந்த வேலைக்கு வைத்திருக்கும் மதிப்பு இதுதான் என்றால், ஊர் அதைவிட மேலாக மதிக்க வேண்டும்.

இரண்டு மணிக் கணக்கு நடக்காத காரியம், அதனால் எதைச் செய்தும் பயனில்லை என்று கைவிட்டவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். இது நேர்மையான மறுப்பு; பதிலும் நேர்மையாக இருக்க வேண்டும். இரண்டு மணி என்பது வேதவாக்கு அல்ல. குட்மனின் காலத்து மெத்தைகள் வேறு. 2013இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் இல்லங்களில் இருந்த 942 பேரை வைத்து நடந்த ஆய்வில், அடர்த்தியான ஃபோம் மெத்தையில் கிடந்தவர்களை இரண்டு, மூன்று, நான்கு மணி நேர இடைவெளிகளில் திருப்பிப் பார்த்தார்கள். புண் வருவதில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டுதல் 2014இல், ஆபத்து மிகுந்தவருக்குக் குறைந்தது நான்கு மணிக்கு ஒருமுறை என்றது. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்களுக்கு ஏற்கெனவே புண் இல்லை, மெத்தை நல்ல மெத்தை, ஆட்கள் பயிற்சி பெற்றவர்கள். ஆகவே நம் வீடுகளுக்கு நான் எடுத்துக்கொள்ளும் பொருள் இது: பகலில் ஆள் இருக்கும்போது இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவில் நல்ல ஃபோம் மெத்தை இருந்து, காலையில் தொட்டுப் பார்க்கும்போது சூடோ கருமையோ இல்லை என்றால், நான்கு மணி வரை விடலாம். புண் வந்துவிட்டால் அந்தப் புண்ணின் மேல் பாரம் விழும் பக்கம் மட்டும் படுக்க வைக்கவே கூடாது. பக்கவாட்டில் முழுவதும் திருப்பினால் இடுப்பெலும்பு அடிபடும். முதுகுக்குப் பின் ஒரு தலையணை வைத்து முப்பது பாகை அளவு சாய்த்தால் போதும். கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்துக் குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி செய்வது காசில்லாத வைத்தியம். எத்தனையோ குதிகால்களை அது காப்பாற்றும்.

அப்படியானால் ஏர் பெட் வாங்கினால் போதாதா என்பார்கள். வாங்கலாம், நல்லது. பஞ்சாயத்து மூலமும் தொண்டு அமைப்புகள் மூலமும் இரவல் கிடைக்கிறது. ஆனால் அதன் மேல் ரெக்சினையும் கனமான கம்பளியையும் விரித்தால் அதன் பலன் பாதியாகும். மழைக்காலத்தில் மின்சாரம் போனால் காற்று இறங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏர் பெட் வந்த வீட்டில் திருப்புவது நின்றுபோகிறது. திருப்புவதற்கு உதவியாக வந்த பொருள் திருப்புவதற்கு மாற்றாகிவிடுகிறது.

புண்ணை என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். நான் அறிந்த காலத்தில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினார்கள். வாழையிலை விரித்துப் படுக்க வைத்தார்கள். பிறகு டெட்டால், ஸ்பிரிட், போட்டதும் நுரைத்துப் பொங்கும் மருந்து, அதற்கும் பிறகு மருந்துப் பவுடர். பல்பு வெளிச்சத்தைக் கிட்டே வைத்துக் காய வைத்ததும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த நம்பிக்கை ஒன்றே: புண் காய வேண்டும். 1962இல் ஜார்ஜ் விண்டர் பன்றிக் குட்டிகளின் தோலில் செய்த சோதனை இதைத் தலைகீழாக்கியது. மூடி ஈரமாக வைத்த காயத்தில் புதுத் தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. நுரைக்கும் மருந்து கிருமியோடு சேர்த்துப் புதிதாக முளைக்கும் செல்லையும் கொல்கிறது. பவுடர் கட்டிதட்டிச் சீழை உள்ளே அடைக்கிறது. வாழையிலைக்காரர்களை நான் குறை சொல்லமாட்டேன். வழுவழுப்பும் குளிர்ச்சியும் உள்ள, ஒட்டாத, தினமும் புதிதாக மாற்றும் ஒரு விரிப்பை அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். தவறு நடந்தது, கடையில் கிடைத்த காரமான திரவமே சக்தியுள்ள மருந்து என்று நாம் நம்பத் தொடங்கியபோது.

மருத்துவமனை அல்லாத இடத்தில் புண்ணைத் திறக்கலாமா, கிருமி ஏறாதா என்ற பயம் படித்த குடும்பங்களில் அதிகம். கேரளத்தில் பாலியேட்டிவ் (நோய்த் துயர் தணிப்பு) நர்ஸுகள் வீடுவீடாகக் கற்றுத்தருவது இதற்கான பதில். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து அதில் 9 கிராம், அதாவது ஏறத்தாழ ஒன்றரை டீஸ்பூன் உப்பைப் போட்டு ஆறவிட்டால் புண் கழுவும் நீர் தயார். பழைய பருத்தி முண்டைத் துவைத்துக் கிழித்து, பஞ்சு வைத்து மடித்து, ஒரு பாத்திரத்தில் மூடிப் பிரஷர் குக்கரில் ஆவியில் வைத்து எடுத்தால் கட்டுத் துணி. சோப்புப் போட்டுக் கழுவிய கை. குழாய்த் தண்ணீரே குடிக்கத் தகுந்ததாக இருந்தால் அதில் காயம் கழுவுவதால் தொற்று கூடுவதில்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நாற்றம் இருந்தால் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவச் சொல்வார்கள். சாம்பிராணி புகைத்து மறைத்த நாட்களை நினைத்தால் இது எவ்வளவு பெரிய விடுதலை என்பது புரியும். நாற்றம் போனால்தான் பேரப்பிள்ளைகள் அந்த அறைக்குள் வருவார்கள். புழு வைத்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அன்றைக்கே நர்ஸிடம் சொல்ல வேண்டும். காய்ச்சல், குழப்பமான பேச்சு, புண்ணைச் சுற்றிப் பரவும் வீக்கம், எலும்பு தெரிவது ஆகியவை வீட்டில் வைத்திருக்கக்கூடியவை அல்ல. நெய்யாற்றின்கரை ஜெனரல் ஆஸ்பத்திரிக்கோ காரக்கோணம் மருத்துவக் கல்லூரிக்கோ போயாக வேண்டும். எவ்வளவு வசதியிலும் இது உயிரெடுக்கும் என்பதற்கு, சூப்பர்மேன் படங்களில் நடித்த கிறிஸ்டோஃபர் ரீவ் சான்று: கழுத்து முறிந்து ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்த அவர், 2004 அக்டோபரில் இறந்தபோது படுக்கைப்புண் தொற்றுக்குத்தான் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார்.

சாப்பாடு பற்றிச் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் இந்த ஊர்களில் கிடையில் விழுந்தவருக்குக் கொடுப்பது கஞ்சித் தண்ணீர். அன்போடு கொடுக்கிறார்கள், எளிதில் செரிக்கும் என்று நம்பிக் கொடுக்கிறார்கள். புண் ஆற நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு 60 கிராமுக்கு மேல். நூறு கிராம் சோற்றில் இரண்டரை கிராம் அளவுதான் இருக்கிறது. கஞ்சியில் அதைவிடக் குறைவு. மரச்சீனிக் கிழங்கில் ஒன்றோ ஒன்றரையோ. நம் சமையலறையிலேயே தீர்வு இருக்கிறது. கஞ்சியோடு பயறு சேர்ந்ததுதான் இந்த மண்ணின் சாப்பாடு. நோயாளிக்கு என்று வரும்போதுதான் பயறை நீக்கிவிடுகிறோம். ஒரு முட்டையில் 6 கிராம். விலை மலிவான சாளை மீனில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 20 கிராம். முள்ளெடுத்து மசித்துக் கொடுத்தால் பல்லில்லாதவரும் சாப்பிடலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மட்டும் டாக்டரைக் கேட்டு அளவு வைக்க வேண்டும். புண் உள்ளவருக்கு மீன் ஆகாது, சீழ் பிடிக்கும் என்ற பத்தியம் எத்தனை உடம்புகளை வற்ற வைத்தது என்று நினைக்கும்போது மனம் பொறுக்கவில்லை.

எவ்வளவு செய்தாலும் வரும் புண்ணும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாழ்வின் கடைசி நாட்களில் இதயமும் சிறுநீரகமும் அடங்கும்போது தோலும் அடங்குகிறது, திருப்பினாலும் வரும். 1989இலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். அப்போது நோக்கம் ஆற்றுவது அல்ல, வலியும் நாற்றமும் இல்லாமல் வைப்பது. திருப்பும்போது அவர் முனகினால் இடைவெளியைக் கூட்டலாம், தவறில்லை. ஆனால் இந்த விலக்கைப் பிடித்துக்கொண்டு, பிழைக்கக்கூடியவரையும் "வயசாயிட்டு, இனி என்ன" என்று விட்டுவிடுவதே நான் அதிகம் கண்டது.

இனி, ஆட்களுக்கு எங்கே போவது என்ற கடைசிக் கேள்வி. இதற்குப் பதில் சொல்ல இந்தியாவிலேயே அதிகத் தகுதி கேரளத்துக்கு உண்டு. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் ஆகியோர் தொடங்கிய வலி நிவாரண முயற்சியிலிருந்து, அயலார் கூட்டுப் பராமரிப்பு என்ற முறை மலபாரில் வளர்ந்தது. அதில் சேரக் கேட்கப்பட்டது பணமல்ல. வாரத்துக்கு இரண்டு மணி நேரம். 2003இல் ராஜகோபால் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியாவைத் தொடங்கினார். 2008இல் கேரள அரசு பாலியேட்டிவ் கொள்கையை அறிவித்தது. தொடர்ந்த ஆண்டுகளில் பஞ்சாயத்துதோறும் வீட்டுக்கு வரும் நர்ஸ் வந்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னியாகுமரி மாவட்டத்தில் உறவினர்கள் உள்ளவர்கள், 2021இல் தமிழ்நாடு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தையும் அறிவார்கள். ஆனால் நர்ஸ் மாதத்தில் ஓரிரு முறை வருகிறார். புண் தினமும் பன்னிரண்டு முறை கேட்கிறது. மலபாரில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தந்த அந்த அயலார் எங்கள் எல்லை ஊர்களில் போதுமான அளவு உருவாகவில்லை. அந்நியர் வந்து உடம்பைத் திறந்து பார்ப்பது மானக்கேடு என்று தயங்குகிறார்கள். அதை நான் மதிக்கிறேன். ஆனால் வருகிறவர் கழுவ வேண்டியதில்லை. வேட்டியின் மறுமுனையைப் பிடித்தால் போதும். அல்லது மதியம் அவள் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். வீட்டு ஆண்களுக்கும் இடம் இருக்கிறது. ரப்பர் பால் வெட்டப் போகிறவர் எப்படியும் விடிவதற்கு முன் எழுகிறார். கிளம்பும் முன் ஒரு முறை திருப்பிவிட்டுப் போனால் இரவு பத்து மணிக்குத் திருப்பியவள் இடையில் ஒரே ஒரு முறை மட்டும் எழுந்தால் போதும். வார்டு மெம்பரிடம் ஏர் பெட் கேட்டுப் போகிறவர்கள், அதோடு சேர்த்து மதியம் இரண்டு முதல் நான்கு வரை வரக்கூடிய இரண்டு பேரின் பெயரையும் கேட்டு வாங்கி வர வேண்டும்.